பள்ளியின் சாவி யார் கையில்?

தோழா!

1950ஆம் ஆண்டையொட்டிய ஒரு காலைப் பொழுதை உன் மனக்கண் முன் நிறுத்திப் பார். இங்கிலாந்து நாட்டிலே, கரிப்புகை படிந்த ஒரு தொழில் நகரத்திலே, சுரங்கத் தொழிலாளியின் மகன் ஒருவன் தேர்வெழுதச் செல்கிறான். வயது பதினொன்றை ஒட்டியிருக்கும். கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் ஆங்கிலம், அறிவுக்கூர்மையை அளப்பதாகச் சொல்லப்பட்ட சில புதிர்கள். அவ்வளவுதான். அந்தச் சில மணி நேரத்திற்குள், அவன் மேசைக்கு முன் அமரப் போகிறவனா, பட்டறையில் நிற்கப் போகிறவனா என்பதை நாடு பெரும்பாலும் முடிவு கட்டிவிடுகிறது.

அதே காலையில், ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா நகரத்திலே, அதே வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளிக்குள் நுழைகிறான். சுவரிலே சிலுவை. சிலுவையின் ஒரு பக்கம் சர்வாதிகாரி பிராங்கோவின் படம். மறுபக்கம் பலாங்கே கட்சியை நிறுவிய ஹோசே அந்தோனியோவின் படம். கட்சிப் பாட்டைப் பாடி முடித்துத்தான் பாடத்தைத் தொடவேண்டும். வீட்டில் தாய் பேசிய காட்டலான் மொழியை அவன் வாசற்படியிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். உள்ளே ஸ்பானிய மொழி ஒன்றுக்குத்தான் இடம்.

ஒரு நாட்டில் பள்ளி சல்லடையாக இருந்தது. மற்றொரு நாட்டில் அச்சாக இருந்தது. சல்லடை பிரித்தது. அச்சு அழுத்தியது. இரண்டிலும் அகப்பட்டது குழந்தைதான்!

கல்லூரிப் படிக்கட்டில் பாதியிலேயே இறங்கி வந்துவிட்டவன், கல்வி முறைகளை ஒப்பிட்டு எழுத வந்துவிட்டானே என்று கேலி பேசுவோர் பேசட்டும். ஏறி முடித்தவர்களுக்குப் படிக்கட்டு அழகாகத் தெரியும்; இறங்கியவனுக்குத்தான் எந்தப் படி வழுக்குகிறது என்பது தெரியும். எந்த நாட்டுப் பிள்ளை அதிக மதிப்பெண் வாங்குகிறது என்று பட்டியல் போடும் வேலையை மற்றவர்க்கு விட்டுவிடுகிறேன். நான் கேட்க விரும்புவது ஒன்றே: பள்ளியின் சாவி யார் கையில் இருந்தது? இன்று யார் கையில் இருக்கிறது?

முதலில் ஒரு தெளிவு. பிரிட்டன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் பிரிட்டிஷ் கல்வி முறை என்று ஒன்று இல்லை. இங்கிலாந்துக்கு ஒன்று, ஸ்காட்லாந்துக்கு ஒன்று, வேல்சுக்கு ஒன்று, வட அயர்லாந்துக்கு ஒன்று. ஸ்பெயினிலும் அப்படியே, அடிப்படைச் சட்டம் மத்ரீத் நகரில் பிறக்கும், பள்ளியை நடத்துவது பதினேழு தன்னாட்சி மாநிலங்கள். ஒரே அரசு, ஒரே கொடி. ஆயினும் ஒரே பாடத்திட்டம் இல்லை. நாடு சிதறிவிடும் என்று அஞ்சுவோர் இந்த இரண்டு நாடுகளையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம்.

இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைக்குக் கல்வி வந்த கதையிலே நமக்கும் ஒரு பங்குண்டு, தோழா! ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் இருந்த படைவீரர் அனாதைப் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்றார். ஆசிரியருக்குப் பஞ்சம். சம்பளத்துக்குப் பணமில்லை. குதிரையேறிச் சென்ற வழியில், நம்மவர் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை உனக்குத் தெரியுமல்லவா? அந்தச் சட்டாம்பிள்ளைதான் கப்பலேறினான்! 1797இல் பெல் அதை இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்றே அதற்குப் பெயர். 1811இல் ஆங்கிலத் திருச்சபையினர் தொடங்கிய தேசியக் கழகம் நாடெங்கும் அந்த முறையில் பள்ளிகளைத் திறந்தது. பெல் இறந்தபோது இங்கிலாந்தின் பெருமக்களைப் புதைக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரைப் புதைத்தார்கள். மணலில் எழுதிக் காட்டிய பிள்ளைகளின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை.

கடனைத் திருப்பித் தந்தார்களா? தந்தார்கள், வேறு நாணயத்தில்! பிள்ளைகள் ஆய்வாளர் முன் படித்து, எழுதி, கணக்குப் போட்டுத் தேறினால்தான் பள்ளிக்குப் பணம் என்ற திட்டத்தை ராபர்ட் லோ 1862இல் இங்கிலாந்தில் கொண்டுவந்தார். பிள்ளை தேறினால் ஆசிரியருக்குச் சோறு, தேறாவிட்டால் பட்டினி. அந்த முறையும் கப்பலேறிச் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தது.

1870இல்தான் இங்கிலாந்து அரசு, திருச்சபைகள் எட்டாத இடங்களில் தானே பள்ளி கட்ட முன்வந்தது. 1880இல் கட்டாயக் கல்வி. 1891 முதல் தொடக்கக் கல்விக்குக் கட்டணம் பெரும்பாலும் ஒழிந்தது. பிறகு வந்தது 1944ஆம் ஆண்டுச் சட்டம். போர் ஓயுமுன்னே, குண்டு விழுந்த தெருக்களில் புழுதி அடங்குமுன்னே, ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவச உயர்நிலைக் கல்வி என்று எழுதினார்கள். பெரிய செயல்தான். மறுப்பதற்கில்லை. ஆனால் வாசலைத் திறந்தவர்கள், உள்ளே நுழைந்ததும் இரண்டு தாழ்வாரம் கட்டிவிட்டார்கள். பதினோரு வயதுத் தேர்வில் தேறியவர்க்குக் 'கிராமர்' பள்ளி. தேறாதவர்க்கு 'மாடர்ன்' பள்ளி. முன்னதில் இடம் பெற்றவர் ஏறத்தாழ நால்வரில் ஒருவர். வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுபடும். சில வட்டாரங்களில் பெண்பிள்ளைகளுக்கு இடம் குறைவு என்பதால், ஆண்பிள்ளையை விடக் கூடுதல் மதிப்பெண் பெற்றால்தான் உள்ளே நுழைய முடியும் என்ற நிலை இருந்தது. தகுதி, தகுதி என்று முழங்கிய வாய்களே இந்தக் கணக்கையும் போட்டன!

1965இல் தொழிற்கட்சி அமைச்சர் கிராஸ்லாந்து, எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்க வழி செய்யுமாறு வட்டார ஆட்சிகளைக் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். வேடிக்கை என்னவென்றால், அந்த மாற்றம் மிகுதியாக நடந்தேறியது பின்னாளில் இரும்புச் சீமாட்டி என்று பெயர் வாங்கிய தாட்சர் அம்மையார் கல்வி அமைச்சராக இருந்த 1970-74 காலத்தில்தான். வேல்சிலும் ஸ்காட்லாந்திலும் இன்று அரசுச் செலவில் நடக்கும் 'கிராமர்' பள்ளி ஒன்றுகூட இல்லை. இங்கிலாந்தில் 163 எஞ்சி நிற்கின்றன.

சல்லடை ஓரளவு கிழிந்தது. ஆனால் அதற்கும் மேலே, எந்தச் சட்டமும் தொடாத ஒரு மாடி இருந்ததே! ஈட்டன் பள்ளியை ஆறாம் ஹென்றி மன்னர் 1440இல் நிறுவியபோது, எழுபது ஏழைப் பிள்ளைகள் இலவசமாகப் படிக்கட்டும் என்றுதான் நிறுவினார். அந்தப் பள்ளியிலிருந்து இதுவரை வந்த பிரதமர்கள் இருபது பேர். இருபதாமவர் 2019இல் பதவியேற்ற போரிஸ் ஜான்சன். ஏழைக்கு வைத்த பந்தியிலே சீமான்கள் அமர்ந்து ஐந்நூறு ஆண்டு உண்டிருக்கிறார்கள்! 1945இல் பெரும்பான்மையோடு வந்த தொழிற்கட்சி ஆட்சி சுரங்கத்தை நாட்டுடைமை ஆக்கியது, இரயிலை நாட்டுடைமை ஆக்கியது. சீமான் வீட்டுப் பள்ளிகளை மட்டும் தொடவில்லை. பிரதமர் அட்லியே ஹெய்லிபரி என்னும் அத்தகைய பள்ளியில் பயின்று, அதை இறுதிவரை நேசித்தவர். இங்கிலாந்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பேர்தான் தனியார் பள்ளிகளில் படிக்கிறார்கள். நாட்டின் உயர்ந்த நாற்காலிகளில் அவர்களுக்குக் கிடைத்த பங்கு ஏழோடு நின்றதில்லை. 2025 சனவரி முதல் அந்தப் பள்ளிகளின் கட்டணத்துக்கு 20 விழுக்காடு வரி வந்தது. அதற்கு எழுந்த கூக்குரலைக் கேட்டவர்கள், நாட்டில் பாதிப் பிள்ளைகள் அங்கேதான் படிப்பதாக எண்ணியிருப்பார்கள்!

இனி ஸ்பெயினுக்கு வா, தோழா. அங்கே சாவி பணப்பையில் இல்லை. அங்கியின் மடிப்பில் இருந்தது.

1857இல் மோயானோ என்ற அமைச்சர் பெயரால் ஒரு கல்விச் சட்டம் வந்தது. ஆறு வயது முதல் ஒன்பது வரை கட்டாயக் கல்வி என்றது. இங்கிலாந்துக்கு இருபத்து மூன்று ஆண்டு முந்தியே! ஆனால் சட்டம் தாளில் இருந்தது, பள்ளி இல்லை, ஆசிரியருக்குக் கூலி இல்லை. மறைத்துறையினர் பாடநூல்களையும் வகுப்புகளையும் கண்காணிக்கச் சட்டமே இடம் தந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது, ஸ்பெயின் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சமயச் சார்பற்ற 'நவீனப் பள்ளி'யை 1901இல் பார்சலோனாவில் திறந்தார் பிரான்சிஸ்கோ பெரேர். 1909இல் அந்நகரில் கலகம் மூண்டது. தூண்டியவர் பெரேர்தான் என்று குற்றம் சாட்டி, இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, அக்டோபர் 13ஆம் நாள் மோஞ்சுயிக் கோட்டையில் சுட்டுக் கொன்றார்கள். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் மக்கள் தெருவுக்கு வந்து கண்டித்தார்கள்.

பிறகு 1931 ஏப்ரலில் குடியரசு மலர்ந்தது. ஒரு கட்சித் தொண்டன் கண்ணை மூடிக்கொண்டு கனவு காண வேண்டுமென்றால், அந்த முதல் இரண்டாண்டுகளைக் காணலாம். நாட்டுக்கு 27,000 பள்ளிகள் தேவை எனக் கணக்கிட்டு, ஐந்தாண்டில் கட்டி முடிக்கத் திட்டமிட்டது அரசு. அரசமைப்புச் சட்டமே தொடக்கக் கல்வி இலவசம், கட்டாயம், சமயச் சார்பற்றது என்றது. பள்ளி கட்டி முடியும்வரை சிற்றூர் மக்கள் காத்திருக்க வேண்டுமா? வேண்டாம் என்று, முதிய அறிஞர் கோசியோ தலைமையில் 'கல்வித் தூதுக் குழுக்கள்' புறப்பட்டன. கோவேறு கழுதை மீது நூல் பெட்டி, இசைத்தட்டுப் பெட்டி, திரைப்படக் கருவி! மத்ரீதின் பிராதோ அருங்காட்சியகத்து ஓவியங்களைப் படியெடுத்து, மலைக் கிராமத்துக்குச் சுமந்து சென்று, உழவனின் கண்ணுக்கு முன் நிறுத்தினார்கள்.

நாடகமும் போனது, தோழா! இதைச் சொல்லும்போது என் பேனா சற்றுத் துள்ளினால் பொறுத்துக்கொள். நாடகக் கொட்டகையின் தூசியைத் தின்று வளர்ந்தவன் நான். தூதுக் குழுக்களின் மக்கள் நாடக மன்றத்தை நடத்தியவர் அலெகாந்திரோ காசோனா. ஆசிரியப் பெற்றோரின் மகன், தாமே பள்ளி ஆய்வாளர், பிறகு புகழ்பெற்ற நாடகாசிரியர். மற்றொரு பக்கம், மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, நீலத் தொழிலாளர் உடையணிந்து, 'லா பர்ராக்கா' என்னும் ஊர்சுற்றும் நாடகக் குழுவை 1932இல் கிளப்பினார் கவிஞர் லோர்க்கா. சந்தைத் திடலில் மேடை. முந்நூறு ஆண்டுப் பழைய ஸ்பானிய நாடகங்களை, அவற்றுக்கு உரிமையாளரான அந்த எளிய மக்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. துறவியர் சபைகள் பள்ளி நடத்தக்கூடாது என்று 1933இல் குடியரசு சட்டம் இயற்றியது. அவர்கள் இடத்தை நிரப்பப் போதுமான பள்ளிகள் எழுவதற்கு முன்பே அந்தச் சட்டம் வந்தது. புது வீடு கட்டி முடியுமுன் பழைய கூரையைப் பிரித்தது போலாயிற்று. எதிரிகளின் கையில் ஆயுதம் கொடுத்த செயல் என்றே நான் கருதுகிறேன்.

1936இல் இராணுவம் கிளர்ந்தது. ஆகஸ்டில் கிரனாதா நகருக்கு அருகே லோர்க்காவைச் சுட்டுக் கொன்றார்கள். காசோனா கடல் கடந்து போனார். பிராங்கோவின் பிடியில் வந்த ஒவ்வோர் ஊரிலும் ஆசிரியர்கள் தூய்மைப்படுத்தும் விசாரணைக்கு ஆளானார்கள். ஆசிரியரைப் பற்றி யார் சான்று தரவேண்டும், தெரியுமா? ஊர்ப் பாதிரி ஒருவர். ஊர்த் தலைவர் ஒருவர். காவற்படை அதிகாரி ஒருவர். நற்பெயர் பெற்ற குடும்பத் தலைவர் ஒருவர். ஞாயிறு பூசைக்கு வந்தாரா, எந்தச் செய்தித்தாள் படித்தார், எவரோடு பழகினார்... நால்வர் எழுதிய நான்கு தாளில் ஓர் ஆசிரியரின் வாழ்வு அடங்கியது. சிலர் வேலை இழந்தனர். சிலர் தொலைதூரத்துக்கு மாற்றப்பட்டனர். சிலர், தாள் எழுதுமுன்னே, சாலையோரத்தில் சுடப்பட்டனர். 1953இல் வத்திக்கானோடு செய்த உடன்படிக்கை, எல்லாக் கல்வியும் கத்தோலிக்கக் கோட்பாட்டுக்கு இயைய அமைய வேண்டும் என்று முத்திரையிட்டது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பொதுக் கல்வி என்ற சட்டம் 1970இல்தான் வந்தது.

1975இல் பிராங்கோ இறந்தார். 1978இல் புது அரசமைப்பு. கல்வி பற்றிய அதன் 27ஆம் பிரிவில் இடதுசாரிக்கு ஒரு வரி, வலதுசாரிக்கு ஒரு வரி என்று பங்கு வைத்தார்கள். 1985இல் ஏற்பட்ட சமரசம் இன்றும் நிற்கிறது: பள்ளி சபையினுடையது, செலவு அரசினுடையது. ஸ்பெயின் பிள்ளைகளில் மூன்றில் இரு பங்கினர் அரசுப் பள்ளியில். ஏறத்தாழக் கால் பங்கினர் இந்த உடன்படிக்கைப் பள்ளியில். அவற்றில் பெரும்பாலானவை கத்தோலிக்கப் பள்ளிகள். அரசுப் பள்ளியில் சமய பாடம் நடத்தும் ஆசிரியரைப் பரிந்துரைப்பது ஆயர். சம்பளம் தருவது அரசு! பழைய சாவியை உருக்கி இரண்டாக வார்த்து, ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள்.

அதனால்தான் ஆட்சி மாறினால் கல்விச் சட்டம் மாறுகிறது. 1980, 1985, 1990, 1995, 2002, 2006, 2013, 2020 என நாற்பது ஆண்டில் எட்டுச் சட்டங்கள். 2002ஆம் ஆண்டுச் சட்டம், ஆட்சி மாறியதால், பெரும்பகுதி நடைமுறைக்கே வராமல் மடிந்தது. ஒரு பிள்ளை பள்ளிக்குள் நுழைந்தபோது இருந்த சட்டம், அவன் வெளியே வரும்போது இருப்பதில்லை.

இன்றைய வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தால் இன்னொரு வேறுபாடு கண்ணில் படும். இங்கிலாந்துப் பிள்ளை பதினாறாம் வயதில் பொதுத் தேர்வு எழுதுகிறான். அவன் தாளைத் திருத்துபவர் அவன் முகமறியாத ஒருவர். ஸ்பெயினில் பதினாறு வயதுச் சான்றிதழ், அவனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்கள் கூடி மதிப்பிட்டுத் தருவது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அங்கும் பொதுத் தேர்வைத் திணிக்கப் பார்த்தது, மாணவரும் பெற்றோரும் வீதிக்கு வந்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. ஸ்பெயினில் பின்தங்கியவன் அதே வகுப்பில் மீண்டும் அமர்வான். பதினைந்து வயதை எட்டியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஒருமுறையேனும் அப்படி நின்றவர்கள் என்று 2022ஆம் ஆண்டு அனைத்துலக ஆய்வு காட்டியது. இங்கிலாந்தில் அவ்வழக்கம் அரிது. வயதோடு வகுப்பும் ஏறும். முன்னதில் அவமானம் வெளிப்படை. பின்னதில், கடைசி ஆண்டுத் தேர்வு வரை ஒளிந்திருக்கும். ஆசிரியரை ஸ்பெயினில் மாநில அரசு போட்டித் தேர்வு நடத்தி நிரந்தர ஊழியராக அமர்த்துகிறது; இங்கிலாந்தில் பெரும்பாலும் பள்ளியே ஆளெடுக்கிறது.

பணப்பையும் பலிபீடமும் போக, மூன்றாவதாக ஒரு பூட்டு உண்டு. அது மொழி. இதைப் படிக்கையில் உன் நெஞ்சில் எந்த நினைவு எழும் என்று நான் கேட்கப் போவதில்லை.

பிராங்கோ விரட்டிய காட்டலான் மொழி, 1983ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தால் பள்ளிக்குத் திரும்பியது. பார்சலோனாவை அடுத்த சாந்தா கொலோமா என்னும் தொழிலாளர் நகரம். பிழைப்புக்காகத் தெற்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த ஊர். அவர்கள் வீட்டு மொழி ஸ்பானியம். அந்தப் பெற்றோர்தாம் எங்கள் பிள்ளைக்குக் காட்டலானிலேயே கற்பியுங்கள் என்று கேட்டார்கள்! எங்கள் பிள்ளை இந்த மண்ணில் இரண்டாந்தரக் குடியாக நிற்கக்கூடாது என்றார்கள். மொழிக்கொரு பள்ளி என்று பிள்ளைகளைப் பிரிக்காமல், ஒரே வகுப்பில் எல்லாரையும் அமர்த்தும் முறை அங்கிருந்து வளர்ந்தது. காட்டலான் பிள்ளைகளை ஸ்பானியராக்குவதே தம் நோக்கம் என்னும் பொருள்பட, மத்ரீதின் கல்வி அமைச்சர் 2012இல் நாடாளுமன்றத்தில் பேசினார். கால் பங்குப் பாடமேனும் ஸ்பானியத்தில் நடக்க வேண்டும் என்று 2020இல் மாநில உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2021இல் உச்சநீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. 2022இல் காட்டலோனியச் சட்டமன்றம் பாடத்துக்கு விழுக்காடு வகுப்பதை மறுத்துப் புதுச் சட்டம் செய்தது. எந்த மொழியில் எத்தனை மணி நேரம் கற்பிப்பது என்பதை ஆசிரியர் கையிலிருந்து பறித்து நீதிபதி கையில் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. ஸ்பானியத்தில் கூடுதல் பாடம் கேட்கும் பெற்றோரின் குறையும் காதில் வாங்க வேண்டியதே. அதை வகுப்பறையில் பேசித் தீர்க்கலாம்.

பிரிட்டனின் வேல்சில் நடந்தது இன்னும் பழைய கதை. 1847இல் வேல்ஸ் பள்ளிகளைப் பற்றி மூன்று அதிகாரிகள் அறிக்கை தந்தனர். மூவருக்கும் வெல்ஷ் மொழி தெரியாது. அந்த மொழிதான் மக்களின் முன்னேற்றத்துக்குத் தடை என்று எழுதினர். மக்களின் ஒழுக்கத்தையும் பழித்தனர். அறிக்கையின் அட்டை நிறத்தைச் சுட்டி 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்று வேல்ஸ் மக்கள் இன்றும் அதைச் சொல்வர். அந்நூற்றாண்டில் பல பள்ளிகளில், வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். அடுத்துப் பேசியவன் கழுத்துக்கு அது மாறும். மாலையில் எவன் கழுத்தில் தொங்குகிறதோ, அவனுக்கு அடி. சட்டம் அப்படிச் சொல்லவில்லை, பள்ளிகளே செய்தன, ஆங்கிலம் கற்றால் பிழைக்கலாம் என்று நம்பிய பெற்றோர் பலர் வாய் திறக்கவில்லை. தன் மொழி பேசும் நண்பனைத் தானே காட்டிக்கொடுக்கச் சிறுவர்களைப் பழக்கிய அந்த மரத்துண்டு, அடியைவிடக் கொடியது.

1939இல் அபெரிஸ்ட்வித் என்ற கடற்கரை ஊரில், வெல்ஷ் மொழிவழித் தொடக்கப் பள்ளி ஒன்றைப் பெற்றோர் முயன்று திறந்தனர். முதல் நாள் வந்த பிள்ளைகள் ஏழு பேர். 1956இல் முதல் வெல்ஷ் வழி உயர்நிலைப் பள்ளி எழுந்தது. 1999 முதல், வேல்சின் எல்லா அரசுப் பள்ளிகளிலும் பதினாறு வயதுவரை வெல்ஷ் கட்டாயப் பாடம். 2050க்குள் பத்து இலட்சம் பேர் வெல்ஷ் பேச வேண்டும் என்ற இலக்கைச் சட்டமாகவே எழுதி, 2025இல் நிறைவேற்றியது வேல்ஸ் நாடாளுமன்றம். அந்த மரத்துண்டுகளில் சில, அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன.